பழைய ரோட்டரி எஞ்சின் கார்: புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என்னிடம் 1988ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்று இருக்கிறது. எஃப்சி என்று சொல்வார்களே, அந்த இரண்டாம் தலைமுறைக் கார். நான் வாங்கியபோது பல வருடம் ஓடாமல் கிடந்தது. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை, வார நாட்களில் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு அண்ணனின் பட்டறையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறுகளில் அந்தக் காரைச் சரிசெய்தேன். தேக்காவில் டீ குடிக்கும்போதும், உறவினர் வீட்டு விசேஷங்களிலும், பட்டறை வாசலிலும் பலர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ரோட்டரி எஞ்சின் என்றால் என்ன? சாதாரண எஞ்சினிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. இதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் லேசாக உப்பிய சமோசாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ரோட்டர். நடுவில் கொஞ்சம் இடுங்கிய முட்டை வடிவ அறைக்குள் அது சுழல்கிறது. மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டபடியே போவதால், ரோட்டரைச் சுற்றி மூன்று தனித்தனி இடங்கள் உண்டாகின்றன. ஒன்றில் காற்றும் பெட்ரோலும் நுழைகின்றன, இன்னொன்றில் அழுத்தப்பட்டு எரிகின்றன, மற்றொன்றிலிருந்து புகை வெளியேறுகிறது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடு ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும்.

இதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல். விடாமல் பிடித்துக்கொண்டு வளர்த்தது ஜப்பானின் மாஸ்டா. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது, 1978இல் முதல் ஆர்எக்ஸ்-7 வந்தது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் வைத்த 787பி வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டாதான்.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, பலருக்குத் தெரியாது. 1969 சிங்கப்பூர் கிராண்ட் பிரீயில் டூரிங் கார் பந்தயத்தை வென்றது மாஸ்டாவின் ரோட்டரி கூப்பே. இன்று சிங்கப்பூர்ப் பந்தயம் என்றால் 'மரினா பே' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்பர் தாம்சன் சாலையை மூடிவிட்டு அங்கேதான் பந்தயம் நடத்தினார்கள், 1961 முதல் 1973 வரை. அந்தச் சாலை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

எனக்கு டயர் மாற்றக்கூடத் தெரியாது. இதைத் தொடலாமா?

தொடலாம். ஆனால் முதலில் எஞ்சினைத் தொட வேண்டாம். பிரேக், ரப்பர் குழாய்கள், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், வயரிங் இவற்றில் கை பழகட்டும். பழைய காரை மீட்டெடுப்பதில் முக்கால்வாசி வேலை எஞ்சினுக்கு வெளியேதான். நானும் முதல் ஆறு மாதம் எஞ்சினைத் திறக்கவே இல்லை. அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் பிறகு எஞ்சினைப் பிரித்தபோது என்னைக் காப்பாற்றியது.

சிங்கப்பூரில் இவ்வளவு பழைய காரை வைத்திருக்கவே முடியாதே?

முடியும், ஆனால் வழிகள் குறைவு. மற்ற நாட்டுக்காரர்கள் போல ஜப்பானிலிருந்து 20 வயது காரை இறக்கிவிட முடியாது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அதனால் நமக்கு உள்ளவை இரண்டு வழிகள்.

ஒன்று, ஏற்கெனவே இங்கே பதிவாகி, வாகன உரிமைச் சான்றிதழைப் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கார் வைத்திருக்கும் அனுமதி) புதுப்பித்துப் புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் காரை வாங்குவது. இதில் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அதோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியோடு கூடுதல் கட்டணமும் சேரும், அது படிப்படியாக 50 விழுக்காடு வரை ஏறும். வாகன ஆய்வுக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும்.

இன்னொன்று கிளாசிக் வாகனத் திட்டம். கார் குறைந்தது 35 வயதானதாக இருக்க வேண்டும். வருடத்தில் 45 நாள் சாலையில் ஓட்டலாம். என் கார் இப்படித்தான் ஓடுகிறது. காசு கைமாறும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் அன்றைய நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

எந்த மாடல் வாங்கலாம்?

முதல் தலைமுறை மிக எளிமையானது. 12ஏ எஞ்சின், பெரும்பாலும் கார்புரேட்டர், வயர்களும் குறைவு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கார் இல்லை. ஆனால் துரு அதிகம் பிடித்திருக்கும். இரண்டாம் தலைமுறை எஃப்சி நடுத்தரமானது, 13பி எஞ்சின், எரிபொருள் ஊசிகள், டர்போ உள்ளதும் இல்லாததும் கிடைக்கும். முதல் முறை செய்பவர் டர்போ இல்லாததை எடுங்கள். மூன்றாம் தலைமுறை எஃப்டி பார்க்க அழகோ அழகு. ஆனால் இரட்டை டர்போவை இயக்கும் வேக்குவம் (காற்று உறிஞ்சும்) குழாய்கள் எலிக்கூடு மாதிரி பின்னிக்கிடக்கும். அதைக் கற்றுக்கொள்ளும் காராக வாங்காதீர்கள். 2003க்குப் பிறகு வந்த ஆர்எக்ஸ்-8 விலை குறைவாகத் தோன்றும், எஞ்சின் நிலையைச் சோதிக்காமல் அதன் பக்கம் போகாதீர்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது எஞ்சின் அறை எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை. பெயின்ட், இருக்கை, சக்கரம் எல்லாம் பிறகுதான்.

பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு எண் வரும். இங்கே ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், அதனால் மூன்று எண்கள் வரும். இதற்கென்றே தனி மீட்டர் இருக்கிறது. அது எஞ்சின் சுழலும் வேகத்தையும் கணக்கில் எடுத்து, நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு ஈடாக எண்களைக் காட்டும். 13பி எஞ்சினில் ஒவ்வொரு முகமும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்கு நடுவில் வேறுபாடு 1.5க்குள் இருக்க வேண்டும்.

அந்த மீட்டர் கிடைக்கவில்லையா? சாதாரண கம்ப்ரெஷன் மீட்டரில் காற்றைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் நிறுத்திவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் துள்ளும். எண் துல்லியமாகத் தெரியாது, ஆனால் துள்ளல் சீராக இருக்கிறதா என்று தெரியும். காதும் உதவும். என் காரின் முன் ரோட்டர் "புஸ், புஸ், புஸ்" என்று ஒரே அளவில் மூச்சுவிட்டது. பின் ரோட்டர் "புஸ், புஸ், ஃப்..." என்றது. மூன்றாவது மூச்சு ஏறவே இல்லை. ஒரு முனையின் சீல் (முனைக்கும் சுவருக்கும் நடுவில் அடைக்கும் பட்டை) போய்விட்டது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. விற்றவரும் அதைப் பக்கத்தில் நின்று கேட்டார். விலை குறைந்தது.

எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஒரு முறை சோதியுங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் ரோட்டரிகள் நிறைய உண்டு.

வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கார் நிறுத்துமிடத்திலேயே வேலை செய்யலாமா?

கூடாது. அங்கே பழுதுபார்க்கும் வேலைக்கு அனுமதி இல்லை, எண்ணெய் சாக்கடையில் கலந்தால் அபராதம் வேறு. சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் பட்டறைகளில் இடம் பகிரக் கேட்டுப் பாருங்கள். நான் நாலு இடத்தில் கேட்டேன், ஐந்தாவது இடத்து அண்ணன் சரி என்றார். அவருடைய லிஃப்டில் வேறு கார் இல்லாத ஞாயிறு மதியங்கள் எனக்கு.

சரி, கார் வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

சாவியைத் திருகிப் பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம். பல வருடம் கிடந்த காரில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். டேங்கை வடித்து, உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள். ஃபில்டரையும் ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

எஃப்சி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்ரோல் லைனில் பல்சேஷன் டேம்பர் என்ற ஒரு சின்ன உலோகப் பாகம் இருக்கும். வயதாகிவிட்டால் அதன் தலையிலிருந்து பெட்ரோல் கசியும், அது சூடான எஞ்சின்மேல் சொட்டும். பல எஃப்சி கார்கள் தீப்பிடித்தது இதனால்தான். என் காரில் அந்தத் தலைமேல் விரலை வைத்து முகர்ந்தபோதே பெட்ரோல் வாடை வந்தது. அன்றே கழற்றிவிட்டேன். தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அப்புறம் பிரேக். ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கத் தெரிய வேண்டும். காலிப்பர்களைப் பிரித்து, சீல் மாற்றி, புதுப் பிரேக் எண்ணெய் ஊற்றுங்கள்.

நேற்று ஓடிய கார் இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. என்ன ஆனது?

பெரும்பாலும் 'ஃப்ளட்' ஆகியிருக்கும், அதாவது அறைக்குள் பெட்ரோல் நிரம்பிவிட்டது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரை ரெண்டு மீட்டர் நகர்த்திவிட்டு உடனே அணைத்தால் இப்படி ஆகும். ரோட்டரியில் அப்படித் தேங்கிய பெட்ரோல் சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் சீல் அழுத்தம் பிடிக்காது, அழுத்தம் இல்லாவிட்டால் எரியாது.

பட்டறை அண்ணன் ஒரு நாள், "தம்பி, வேனுக்கு வழி விடு" என்றார். நகர்த்தி அணைத்தேன். அவ்வளவுதான். மறுபடி ஸ்டார்ட் செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். பிளக்கெல்லாம் நனைந்து சொட்டியது. துளைகளை ஒரு துணியால் மூடி, பத்து பத்து விநாடியாகச் சுழற்றினேன். உள்ளே இருந்ததெல்லாம் துணியில் வந்தது. ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு, காய்ந்த பிளக்குகளைப் போட்டதும் பிடித்துக்கொண்டது, நிறையப் புகையோடு. அன்றிலிருந்து, நகர்த்த மட்டும் வேண்டுமென்றால் தள்ளிவிடுகிறேன்.

பிளக் மாட்டும்போது கவனம். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். வயர்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள். கழற்றும் முன் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எண்ணெய் குடிக்கிறதே, எஞ்சின் போய்விட்டதா?

இல்லை, குடிக்க வேண்டும். முனை சீல்களை வழுவழுப்பாக வைக்க, ஒரு சின்ன பம்ப் எஞ்சின் எண்ணெயை அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறது. அந்த எண்ணெய் எரிந்துபோகும். குறையவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், பம்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். சிலர் இரு-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறார்கள். நானும் கலக்கிறேன்.

நம்மூர் வெயிலும் நெரிசலும் இதற்குத் தாங்குமா?

கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். ரோட்டரியைக் கொல்வது சூடு. எஞ்சினின் அமைப்பை நினைத்துப் பாருங்கள்: அலுமினிய அறைகளும் வார்ப்பிரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவில் கூலன்ட்டைப் பிடித்துவைப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் அலுமினியம் வளையும், ரப்பர் கருகும். பிறகு கூலன்ட் அறைக்குள் கசியும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, கொஞ்ச நேரம் ஒரு ரோட்டரிலேயே இழுப்பது, ரேடியேட்டர் வாயில் குமிழ்கள், இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும்.

தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்துபோகும்போது காற்று வராது, ஃபேன் மட்டும்தான் துணை. எஃப்சியில் ஃபேன் கிளட்ச் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாகி அணைந்தபின் கையால் சுழற்றினால் எளிதாக ஓடக்கூடாது, கொஞ்சம் இழுத்துப்பிடிக்க வேண்டும். ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டிகள் இருந்தால் வயதானபின் வெடிக்கும். நான் முழு அலுமினிய ரேடியேட்டருக்கு மாறிவிட்டேன். தெர்மோஸ்டாட், மூடி, எல்லாக் குழாய்களும் புதிது. குழாய் நீரை மட்டும் ஊற்றி ஓட்டாதீர்கள், உள்ளே அரிக்கும். கூலன்ட் நிரப்பியபின் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள், உள்ளே தங்கிய ஒரு காற்றுக் குமிழ் போதும் கொதிப்பதற்கு.

கம்பெனி வைத்த வெப்ப முள்ளையும் நம்ப வேண்டாம். குறிப்பாக எஃப்டியில் அது நடுவிலேயே நின்று, விஷயம் கைமீறிய பிறகுதான் ஏறும். எண்ணாகக் காட்டும் தனி மீட்டர் ஒன்று பொருத்துங்கள். என் வண்டியில் நான் முதலில் வாங்கிய புதுப் பொருள் அதுதான்.

எஞ்சினை நானே பிரிக்கலாமா?

கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் பிரிக்காதீர்கள். போய்விட்டது என்றால் பிரிக்கலாம். பிஸ்டன் எஞ்சினைவிட உள்ளே பாகங்கள் குறைவு. ஆனால் குறைவான பாகங்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்திலேயே திரும்பப் போக வேண்டும்.

முதலில் ஃபிளைவீல் நட். 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுகியிருக்கும். ஒரு ஆள் உயரக் குழாயைச் செருகி, அண்ணனும் நானும் சேர்ந்து தொங்கினோம், அப்புறம்தான் 'டக்' என்று விட்டது.

முன்பக்கத்தில் புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. முன் புல்லி போல்ட்டைத் தளர்த்தியதும் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் தன் இடத்திலிருந்து நழுவிவிடக்கூடும். தெரியாமல் மறுபடி இறுக்கினால் அது நசுங்கும். எஞ்சின் ஓடும், ஆனால் சீக்கிரமே ஷாஃப்ட் தேய்ந்துவிடும். அதனால் அடுக்கை முன்பக்கம் மேலே பார்க்க நிறுத்தி, ஷாஃப்ட் கீழே இறங்காமல் தாங்குகொடுத்து இறுக்குங்கள். கடைசியில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஷாஃப்டின் முன்பின் அசைவை அளங்கள். 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். எனக்கு முதல் தடவை அசைவே இல்லை. பிரித்துப் பார்த்தால் பேரிங்கின் ஓரம் மாட்டியிருந்தது. புதிது போட்டு மறுபடி இறுக்கியதும் 0.05. அந்த முள் அசைந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இப்போதும் உணர முடிகிறது.

சீல்களைக் கழற்றும்போது எந்த ரோட்டர், எந்த முனை என்று எழுதிய தட்டில் வையுங்கள். நான் பலகாரத் தட்டு மாதிரி குழி குழியான பிளாஸ்டிக் டிரே வாங்கினேன். என் பின் ரோட்டரின் மூன்றாவது முனை சீல், கரி இறுகிப்போய்ப் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த "ஃப்..." சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சீல், ரப்பர் வளையம், பேரிங் போன்றவற்றைப் புதிதாக ஜப்பானிலிருந்து வரவழையுங்கள். பழைய ஆர்எக்ஸ்-7க்கான சில பாகங்களை மாஸ்டா மீண்டும் தயாரிக்கிறது. கதவு, விளக்கு, இருக்கை போன்றவற்றை மலேசியாவின் ஜொகூரில் 'ஹாஃப் கட்' (பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கும்) கடைகளில் தேடலாம். திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் அறிவித்து ஜிஎஸ்டி கட்டிவிடுங்கள். நம்மூர்க் காரில் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரோட்டர் ஹவுசிங் மட்டும் பழையது வாங்கும்போது மிகக் கவனம். உள் சுவரில் குரோம் பூச்சு இருக்கும். அது உரிந்தால் சிலிண்டர் போலக் கடைந்து சரிசெய்ய முடியாது. அங்கே ஒரு கடையில், "நல்ல சாமான், பாஸ்" என்றார்கள். எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது, நானும் வாங்கிவிட்டேன். பட்டறையில் துடைத்துவிட்டு, ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டியது. குரோம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. பிறகு புது ஹவுசிங்குக்குக் காசு சேர்க்க நாலு மாதம் ஆயிற்று. கையோடு ஒரு துணியும் கொஞ்சம் தின்னரும் எடுத்துப்போங்கள், கடையிலேயே துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள்.

எந்தப் பெட்ரோல்?

டர்போ இருந்தால் 98 ஆக்டேன். என் காரில் டர்போ இல்லை, 95 போடுகிறேன்.

எவ்வளவு செலவாகும்?

காருக்குக் கார் மாறும், எண் சொல்லி உங்களைத் தவறாக வழிநடத்த மாட்டேன். என் கணக்குப் புத்தகத்தில் எஞ்சின் பாகங்கள்தான் முதல் இடம், பட்டறை வாடகை அடுத்தது. கருவிகள் மூன்றாவது. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. செலவழித்த ஒவ்வொரு டாலரையும் எழுதிவையுங்கள், வீட்டில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். என் மனைவி அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான், "அந்த ஹவுசிங்கை இந்த போனசில் வாங்கிடுங்க" என்றார்.

புது சீல் போட்ட எஞ்சினை உடனே வேகமாக ஓட்டலாமா?

கூடாது. சீல்கள் சுவரோடு பழக வேண்டும். நான் முதல் 1,600 கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எஞ்சின் சூடாகும் வரை மெதுவாக, அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில். தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 50 கிலோமீட்டர்தான், எனக்கு அனுமதி உள்ளதோ வருடத்துக்கு 45 நாள். ஞாயிறு விடியற்காலையில் சாங்கி கடற்கரைச் சாலை வரை போய்த் திரும்புகிறேன். வந்ததும் பானெட்டைத் திறந்து, கூலன்ட் அளவையும் எண்ணெய்க் குச்சியையும் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறேன். போன ஞாயிறோடு 940 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.